சாவி கொடுக்கிற வாட்ச்: நேரம் வைப்பதும் கிரவுனைக் கையாள்வதும் (கேள்வி பதில்)

கிரவுன் (வாட்ச்சின் பக்கத்தில் இருக்கிற, சாவி கொடுக்கவும் நேரம் வைக்கவும் திருகுகிற குமிழ்), நேரம் வைப்பது, இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். 'எந்த வாட்ச் வாங்கலாம்' என்று கேட்ட பத்துப் பதினைந்து பேருக்கு இன்னொரு நாள். கீழே உள்ள எல்லாமே ஸ்பிரிங்கில் ஓடுகிற வாட்ச்சுக்குத்தான், பேட்டரி வாட்ச்சுக்கு இல்லை.

கேள்வி: அண்ணா, அப்பாவோட எச்எம்டி ஜனதா இப்போ என்கிட்ட இருக்கு. எத்தனை சுற்று சாவி கொடுக்கணும்? அதிகமானா ஸ்பிரிங் அறுந்துடும்னு அம்மா சொல்றாங்க.

எண்ணவே வேண்டாம். ஸ்பிரிங் முழுக்கச் சுற்றி முடிந்ததும் கிரவுன் தானாக முரண்டு பிடிக்கும், விரலுக்கு அது நன்றாகவே தெரியும், அங்கே விட்டுவிடுங்கள். அதற்கு மேலும் 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று பலம் காட்டினால்தான் அம்மா சொல்வது நடக்கும். 'சாவி அதிகமாகி நின்றுபோச்சு' என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். முழுச் சாவியும் கொடுத்து ஓடவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், இல்லை அழுக்கு சேர்ந்திருக்கும். எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்ததே 2016இல். உங்கள் அப்பாவுடையது அதற்கும் ரொம்ப முந்தையதாக இருக்கும், பல வருடம் பீரோவில் கிடந்திருந்தால் முதலில் சர்வீஸ், அப்புறம்தான் சாவி. இன்னொன்று, கையில் கட்டிக்கொண்டே சாவி கொடுக்காதீர்கள். கிரவுனைச் சாய்வாகப் பிடித்துத் திருக வேண்டி வரும், அந்தப் பாரம் முழுக்க, கிரவுனிலிருந்து உள்ளே போகிற ஸ்டெம் என்கிற மெல்லிய தண்டு மேல் விழும். கழற்றி, நேராகப் பிடித்து, தினமும் காலையில் ஒரு தடவை கொடுத்தால் போதும்.

கேள்வி: ராத்திரியில் தேதி மாற்றக் கூடாது என்கிறார்களே, உண்மையா, இல்லை சும்மா கிளப்பிவிட்டதா?

உண்மைதான், நிறைய வாட்ச் கெட்டுப்போவது இதனால்தான். உள்ளே 24 மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றுகிற ஒரு சக்கரம் இருக்கிறது, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பல்தான் தேதி வளையத்தைத் தள்ளுகிறது. ராத்திரி ஒன்பது மணிவாக்கில் அது வளையத்தைத் தொட ஆரம்பிக்கும், தள்ளி முடித்து முழுசாக விலக விடியற்காலை இரண்டு மூன்று மணி ஆகிவிடும். இந்த நேரத்தில் நீங்கள் கிரவுனை ஒரு கிளிக் இழுத்துத் தேதியைத் திருகினால் அந்தப் பல் ஒரு பக்கம் தள்ள, உங்கள் கை இன்னொரு பக்கம் தள்ள, ஏதாவது ஒன்று வளையும் அல்லது உடையும். சில வாட்ச்சில் அந்தப் பாகம் பிளாஸ்டிக் வேறு.

இங்கே எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. கணக்கு உங்கள் வீட்டு நேரம் இல்லை, வாட்ச் காட்டுகிற நேரம். நின்றுபோன வாட்ச் 10 மணி காட்டினால் அது காலையா ராத்திரியா என்று டயலைப் பார்த்துச் சொல்ல முடியாது, நீங்கள் பட்டப்பகலில் உட்கார்ந்து திருகினாலும் வாட்ச்சுக்குள் ராத்திரியாக இருக்கலாம். அதனால் முதலில் கிரவுனை முழுசாக இழுத்து முள்ளை 6 மணிக்குக் கொண்டுவாருங்கள். காலை ஆறோ மாலை ஆறோ, இரண்டுமே ஆபத்தில்லாத நேரம். பிறகு கிரவுனை ஒரு கிளிக் உள்ளே தள்ளி நேற்றைய தேதியை வையுங்கள். திரும்ப முழுசாக இழுத்து, தேதி தாவுகிற வரை முள்ளை முன்னால் சுற்றுங்கள். தாவிய இடம் நள்ளிரவு. அங்கிருந்து இப்போதைய நேரம் வரைக்கும் போங்கள், மதியம் தாண்டிவிட்டது என்றால் இன்னொரு தடவை 12ஐக் கடக்க மறக்காதீர்கள். மறந்தால் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேதி மாறும்.

கேள்வி: முள்ளைப் பின்னால் சுற்றலாமா சார்?

ஜனதா மாதிரி தேதி இல்லாத வாட்ச்சில் தாராளமாக. தேதி உள்ளதில் நள்ளிரவுப் பக்கம் மட்டும் பின்னால் போகாதீர்கள். பின்னால் சுற்றவே கூடாது என்பது மணியடிக்கிற பழைய சுவர்க் கடிகாரத்துக்குச் சொன்னது.

கேள்வி: என் சீக்கோ 5இல் கிரவுனைத் திருகினால் சும்மா சுற்றுகிறது, சாவி ஏறவே இல்லை. போச்சா?

போகவில்லை. பின்மூடியில் 7எஸ்26 என்று இருக்கிறதா பாருங்கள். அந்த மெஷினில் கையால் சாவி கொடுக்கிற வசதியே கிடையாது. பக்கவாட்டில் மெதுவாகக் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், மீதியைக் கை அசைவு பார்த்துக்கொள்ளும். 4ஆர்36 என்று இருந்தால் கையாலும் கொடுக்கலாம், கிரவுனை முழுசாக இழுத்தால் வினாடி முள்ளும் நிற்கும்.

கேள்வி: ஜனதாவில் வினாடி முள் நிற்பதில்லை. போனில் இருக்கும் நேரத்தோடு எப்படிச் சரியாக வைப்பது?

வினாடி முள் 12ஐத் தொடும்போது பெரிய முள்ளை ஒரு நிமிடக் கோட்டின் மேல் சரியாக வையுங்கள், அது போதும். நேரம் வைக்கிற நிலையில் கிரவுனை லேசாகப் பின்பக்கம் திருகுகிற மாதிரி பிடித்தால் வினாடி முள் நிற்கும் என்று ஒரு வித்தை சொல்வார்கள். சாவி குறைந்திருக்கும்போது நிற்கவும் செய்யும், ஆனால் தினமும் அப்படிச் செய்வது எனக்குப் பிடிக்காது. ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஓடுகிற வாட்ச்சுக்கு அவ்வளவு கெடுபிடி எதற்கு?

கேள்வி: கிரவுனை உள்ளே தள்ளும்போது பெரிய முள் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

பல்லுக்குப் பல் கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பின்னால் போய், அங்கிருந்து மெதுவாக முன்னால் வந்து முடியுங்கள், கிரவுனைத் திருகாமல் நேராகத் தள்ளுங்கள். ஆனால் வினாடி முள் ஒழுங்காக ஓடி, பெரிய முள் மட்டும் பின்தங்கிக்கொண்டே போனால், திருகும்போதும் பிடிப்பே இல்லாமல் வழுக்கினால், அது வேறு விஷயம். பெரிய முள்ளைத் தாங்குகிற குழாயின் பிடி தளர்ந்திருக்கிறது, கடையில் இறுக்கித் தருவார்கள்.

கேள்வி: ரஷ்ய வஸ்தோக் ஆம்ஃபிபியா வாங்கினேன். திருகி மூடுகிற அதன் கிரவுனைத் திறந்தால் லொடலொட என்று ஆடுகிறது, தேதியைத் தனியாக மாற்றவும் முடியவில்லை. ஏமாந்துவிட்டேனா அண்ணே?

இல்லை தம்பி, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கிரவுனில் படுகிற அடி ஸ்டெம்முக்குப் போகக் கூடாது என்று வேண்டுமென்றே தளர்வாக இணைத்திருக்கிறார்கள். தேதிக்குத் தனி நிலையும் அதில் கிடையாது. நள்ளிரவைத் தாண்டி, திரும்ப எட்டு மணி வரை பின்னால் வந்து, மறுபடி தாண்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு தேதி நகரும். மேலே நான் கூடாது என்று சொன்னதற்கு நேர் எதிர்தான், இந்த மெஷின் அதற்கென்றே கட்டப்பட்டது, சீக்கோ மாதிரி மற்ற வாட்ச்சில் இதை முயற்சிக்காதீர்கள்.

மூடும்போதுதான் கவனம் வேண்டும். திருகி மூடுகிற கிரவுன் எதுவானாலும், லேசாக அழுத்தியபடி முதலில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் சுற்றுங்கள், மரை சரியாக உட்காரும்போது விரலில் ஒரு சின்னத் துள்ளல் தெரியும், அதன்பின் வலப்பக்கம் திருகுங்கள். கோணலாக ஏறினால் உடனே பின்வாங்குங்கள். மரை தேய்ந்தால் தண்ணீருக்குக் கதவு திறந்த மாதிரி.

கேள்வி: கிரவுன் கையோடு வந்துவிட்டது!

ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம். ஸ்டெம்மோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஸ்டெம்மைப் பிடிக்கிற திருகு தளர்ந்திருந்தால் சின்ன வேலைதான்.

கேள்வி: கட்டாமல் வைத்திருக்கும் வாட்ச்சுக்கும் தினமும் சாவி கொடுக்க வேண்டுமா?

வேண்டாம், நிற்கட்டும். கட்டப்போகிற அன்று கொடுத்தால் போதும், கை அசைவில் சாவி ஏறுகிற வாட்ச் நிற்காமல் இருக்க அதைச் சுற்றிக்கொண்டே இருக்கிற பெட்டிக்கு வைத்திருக்கும் காசைச் சர்வீஸுக்கு வையுங்கள்.