மகன் கால்பந்துப் பயிற்றுநராக விரும்பினால்

அன்புள்ள அம்மா,

இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் படிக்கும் உங்கள் மகன் பள்ளிக் கால்பந்துப் பயிற்றுநராகப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து உறக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்த்த பிள்ளை பந்தை உதைத்தா பிழைப்பான் என்னும் கேள்வியைச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

நம் மலேசிய நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் பயிற்றுநர் என்பது பெரும்பாலும் தனிப் பதவி அன்று. காலையில் வகுப்பெடுக்கும் ஆசிரியரே மாலையில் விசிலுடன் திடலில் இறங்குகிறார். சம்பளம் ஆசிரியர் பணிக்குத்தான். ஆகவே உங்கள் மகன் முதலில் ஆசிரியராக வேண்டும். தேசிய மொழியான மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாதவருக்கு 2013 முதல், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அதைக் கடந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தால், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படிக்க விண்ணப்பிக்கலாம். பயிற்றுநர் உரிமம் இதற்கு வேறானது. 'டி'யில் தொடங்கி 'சி', 'பி', 'ஏ' என்று படிப்படியாக ஏற வேண்டும். 2010இல் தேசிய அணிக்குத் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபாலை அவன் அளவுகோலாகக் கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

பள்ளிப் பயிற்றுநரின் வாழ்க்கை அப்படிப்பட்டதன்று. மழைக்காலத்தில் கோல் கம்பத்தடியில் தேங்கிய நீரை வாளியால் இறைத்து மரத்தூள் கொட்டுபவர் அவரே. சேறு படிந்த ஜெர்சிகளைத் தம் வீட்டில் துவைத்து, கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட மாணவனை இருட்டில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் வரை கொண்டுபோய் விடுபவரும் அவரே.

விளையாடும் ஆசையும் கற்றுக்கொடுக்கும் பொறுமையும் வெவ்வேறு. முதலாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் பயிற்சி கொடுக்க உங்கள் மகனை அனுமதிக்குமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். பந்தை நேராக உதைக்கத் தெரியாத பையனிடம் பத்தாம் முறையும் எரிச்சலின்றிப் பேசுகிறானா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

திடலுக்குப் போகாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனிடம் நான் அப்படிச் சொல்லப்போய், அவன் பந்தோடு பள்ளியையும் விட்டுவிட்டான். அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

அடுத்த வாரம் அவனுடைய வரலாற்றுத் தாளையும் தேசிய மொழித் தாளையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். பயிற்சி நாள்களைத் தொடாமல் இரவுப் படிப்புக்கு மூவரும் உட்கார்ந்து அட்டவணை போடுவோம்.