டிரேட்மார்க் பதிவேட்டில் பொய்: பிரிட்டன் சட்டம், கேள்வி பதில்

கேள்வி: பதிவேட்டில் பொய் விவரம் ஏற்றினால் சிறையா, அபராதம் மட்டுமா?

பதில்: 1994ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம், 94ஆம் பிரிவு. கிரவுன் கோர்ட்டில் (பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொய் நுழைய வசதியான வாசல் உரிமை மாற்றம்தான். பங்காளிகள் பிரிகிறார்கள், ஒருவர் மற்றவர் கையெழுத்தைத் தானே போட்டு டிஎம்16 படிவத்தை அனுப்பிவிடுகிறார். பதிவேட்டில் பெயரை மாற்றுவது நியூபோர்ட்டில் உள்ள பிரிட்டனின் அறிவுசார் சொத்து அலுவலகம். ஆனால் பொய்யைப் பதியவைத்தவரும் குற்றவாளியே. அவருக்குத் தண்டனை கிடைத்தாலும் பதிவேடு தானாகத் திருந்தாது. அதைத் திருத்த 64ஆம் பிரிவின்கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாற்றம் பதிவான தேதி தெரியும்படி பதிவேட்டுப் பக்கத்தை இன்றே சேமித்து வையுங்கள்.

கேள்வி: தெரியாமல் செய்துவிட்டேன் என்றால்?

பதில்: பொய் என்று 'தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ' என்கிறது சட்டம். எழுத்துப்பிழை குற்றமில்லை. சந்தேகம் வந்தும் கண்ணை மூடிக்கொண்டால் குற்றமாகலாம்.

கேள்வி: ஊறுகாய்க்கு 29ஆம் பொருள் வகுப்பில் பதிவு இருக்கிறது. மசாலாத்தூளும் விற்க, சான்றிதழ் பிடிஎஃப்பில் அதற்கான 30ஆம் வகுப்பையும் சேர்த்து ஆன்லைன் சந்தையில் ஏற்றினேன். கோர்ட்டில் காட்டவில்லையே?

பதில்: கோர்ட் தேவையே இல்லை. பதிவின் நகல் என்று பொய்யாக ஒன்றை உருவாக்குவதே ஒரு குற்றம். சாட்சியமாகக் காட்டுவது இன்னொன்று. உடனே அதை நீக்கிவிட்டு வக்கீலைப் பாருங்கள். 30க்குப் புதிதாக விண்ணப்பியுங்கள்.

அவரே: சான்றிதழ் வேறு, பதிவேட்டு நகல் வேறு!

பதில்: நல்ல வாதம், வக்கீலும் சொல்லிப் பார்ப்பார். ஆனால் 1981ஆம் ஆண்டு போலி ஆவணச் சட்டமும் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டமும் காத்திருக்கின்றன. இரண்டிலும் உச்சம் 10 ஆண்டு. 2இலிருந்து தப்பி 10இல் விழவா?

கேள்வி: விண்ணப்பம் போட்டாச்சு, லேபிளில் வட்டத்துக்குள் ஆர் (®, 'பதிவானது' என்ற குறி) போடலாமா?

பதில்: கூடாது. 95ஆம் பிரிவு, 1,000 பவுண்டு வரை அபராதம். பதிவாகும் வரை டிஎம் (™, பதிவானது என்று சொல்லாத டிரேட்மார்க் குறி) போடுங்கள்.

கேள்வி: சென்னையில் பதிவு இருக்கிறது, வட்ட ஆர் போடலாமா?

பதில்: மறுபடியும் வட்ட ஆர்! வெளிநாட்டுப் பதிவைத்தான் குறிக்கிறது என்று காட்ட முடிந்தால் தப்பலாம். 'இந்தியாவில் பதிவானது' என்று லேபிளிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: விற்காத பொருட்களையும் விண்ணப்பத்தில் சேர்த்தேன். 94இல் வருமா?

பதில்: அது கெட்ட எண்ணத்தோடு விண்ணப்பித்தாரா என்ற விவகாரம், சிவில் பக்கம். பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 2024 ஸ்கைகிக் தீர்ப்பைப் படியுங்கள்.

கேள்வி: வட்ட ஆர் சின்னதாகப் போட்டால்?

பதில்: மேலே பார்க்கவும்.