அந்தச் சனிக்கிழமையைப் பிடுங்காதீர்கள்

சென்ற வாரம் ஒரு தாய் மகனோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். பையன் பட்டப்படிப்பில் கடைசி வருடம். சனிக்கிழமைதோறும் சபை நடத்தும் திட்டத்தில், பள்ளியை விட்டு நின்ற ஒரு சிறுவனுக்கு வழிகாட்டியாகப் போகிறான். "இப்படியே முழுநேர ஊழியத்துக்குப் போய்விடுவானோ?" என்று அம்மாவுக்குப் பயம். அதை நிறுத்திவிட்டு வெளிநாட்டில் எம்.பி.ஏ. சேர்க்கச் சொல்கிறார் பெரியப்பா. வீட்டை அடமானம் வைத்தால் கடன் கிடைக்குமாம்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. பையனுக்குப் பிடிக்காத படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். கடனை அடைக்கப்போவது பெரியப்பா இல்லை.

எம்.பி.ஏ., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பையன், அந்தச் சிறுவனைப் பார்த்த நாட்களைக் குறித்துவைக்கும் தன் நோட்டைக் காட்டினான். ஒரு பக்கத்தில், "இன்று பேசவில்லை. சதுரங்கம் மட்டும். கிளம்பும்போது அடுத்த வாரம் வருவீங்களான்னு கேட்டான்." இருபது வயதில் இப்படிக் கவனிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. (என்னிடம் வேலைக்கு வந்த சில பட்டதாரிகளுக்கே இது வரவில்லை.)

இந்த வேலை புதிதல்ல. 1841இல் கத்தோலிக்கக் குருவான டான் போஸ்கோ இத்தாலியின் தூரின் நகரச் சிறைகளில் இளைஞர்களைப் பார்த்தார். விடுதலையானவர்கள் மறுபடி உள்ளே வந்தார்கள், வெளியே அவர்களுக்கென்று யாரும் இல்லாததால். அங்கிருந்துதான் அவருடைய பணி வளர்ந்தது. அமெரிக்காவில் பிள்ளைகளுக்குத் தொண்டர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்துவைக்கும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பைப் பற்றி 1995இல் வந்த ஆய்வில், வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடத் தொடங்குவது மற்றவர்களைவிட 46 சதவீதம் குறைவாக இருந்தது. அதே தரவுகளை 2002இல் மறுபடி பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு இறங்கியிருந்தது. அதனால் தம்பி, ஆரம்பித்துவிட்டுப் பாதியில் போகாதே. ஏற்கெனவே பலர் விட்டுப்போன பிள்ளை அது.

நல்ல திட்டம் எது என்று கேட்டீர்கள். சேரும்போதே உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள், பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், பயிற்சி கொடுப்பார்கள். பூட்டிய அறையில் பிள்ளையோடு தனியாக இருக்க விடமாட்டார்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே என்பார்கள். யாராவது அந்தப் பிள்ளையைத் துன்புறுத்துவது தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆகவேண்டும். பணம் கொடுக்கவோ கடன் கொடுக்கவோ கூடாது. ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபிக்கலாம். சபைக்கு வந்தால்தான் உதவி என்றால் அது வழிகாட்டுதல் இல்லை, பேரம். தொண்டரிடமே பயிற்சிக் கட்டணம் என்று பெருந்தொகை கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு? தொண்டு சம்பளம் தராது. ஆனால் சமூகப்பணி முதுகலைக்கு அது நேரான படி. அங்கே களப்பணி பாடத்தின் பெரிய பகுதி. ஒரு வருடம் ஒரே பிள்ளையோடு நின்றவனுக்குக் களத்தில் தடுமாற்றம் குறையும். சிறார் இல்லங்கள், பள்ளி ஆலோசனை, போதை மறுவாழ்வு மையங்கள் என்று வேலைகள் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் சிறியது, அதை மறைக்கமாட்டேன். அதனால்தான் இந்தப் படிப்புக்கும் பெரிய கடன் வேண்டாம் என்கிறேன். கட்டணம் குறைந்த கல்லூரி போதும்.

அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. முழுநேர ஊழியம் பற்றி இப்போதே முடிவெடுக்க அவசரமில்லை, பையனும் அதைக் கேட்கவில்லை. தம்பி, போதகர் சொன்னதற்காக மட்டும் போகிறாய் என்றால் இந்தப் படிப்பையும் எடுக்காதே. நோட்டைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் கடைசித் தேர்வை எழுது. அப்புறம் அம்மாவை ஒருநாள் உன் பொறுப்பாளரிடம் அழைத்துப் போ, அவர் கேட்க நினைப்பதையெல்லாம் நேரிலேயே கேட்கட்டும்.