வாய்விட்டுக் கேளுங்கள்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி,

ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், அதற்குள் மூன்று இடங்களில் மனம் நொந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அலமாரி மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட்டபோது, கீழ்வீட்டு அம்மையார் மாடியேறி வந்து கண்டித்துவிட்டுப் போனார். உடன் வேலை செய்பவர் வீட்டில் விருந்துக்கு அழைத்தார். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டபோது மரியாதைக்கு மறுத்தீர்கள், அவர்களும் உடனே பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டதால் அரை வயிற்றோடு திரும்பினீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று மேலாளர் கேட்டதற்குச் சரி என்றீர்கள். முடியாமல் போனதும் எல்லோர் முன்னிலையிலும் அவர் அதைச் சுட்டிக்காட்டினார். ‘இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லையா அக்கா, இல்லை, எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் ஏதாவது இங்கே இருக்கிறதா?’ என்பது உங்கள் கேள்வி.

நான் 2006ஆம் ஆண்டு ஈரோட்டிலிருந்து இங்கே வந்தவள். இந்த நாட்டில் நம் நிறத்தையும் பெயரையும் பார்த்து முகம் திருப்புகிறவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை வீடு தேடிய நாட்களில் அதை நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய மூன்றும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் அந்த மூன்றையும் செய்திருந்தாலும் அவருக்கும் இதுவேதான் நடந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் எழுதப்படாத சட்டம்கூட அல்ல, எழுதப்பட்ட சட்டம்தான். 1919ஆம் ஆண்டின் வைமர் அரசியலமைப்பு ஞாயிற்றுக்கிழமையை வேலையிலிருந்து ஓய்வதற்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாளாகப் பாதுகாத்தது. 1949ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, இன்றைய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவைத் தன்னுள் அப்படியே சேர்த்துக்கொண்டது. கடைகள் பூட்டியிருப்பது இதனால்தான். காலி பாட்டில்களைப் போடும் தெருமுனைத் தொட்டிகளில் எந்த நாட்களில், எத்தனை மணிக்குள் போடலாம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கண்ணாடி உடையும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை எல்லா வீடுகளிலும் அமைதி நேரம். பல குடியிருப்புகளின் வீட்டு விதிகளில் மதியம் ஒரு மணி முதல் மூன்று மணி வரையும் அப்படியே சொல்லியிருக்கும். உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு அந்த விதித்தாளையும் கொடுத்திருப்பார்கள், எடுத்துப் படியுங்கள்.

ஸ்டுட்கார்ட், தென்மேற்கு ஜெர்மனியின் மக்களான சுவாபியர்களின் ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் உங்கள் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும். அந்த வாரம் ‘கேர்வோகெ’, அதாவது பெருக்கும் வாரம், உங்களுடையது என்று பொருள். படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது உங்கள் முறை. சில கட்டிடங்களில் முற்றமும் நடைபாதையும் அதில் அடங்கும். வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். 1492ஆம் ஆண்டின் நகர ஒழுங்குவிதி வரை வேர் செல்லும் வழக்கம் இது. படிக்கட்டு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அழுக்கை அகற்றுவது அதில் பாதிதான். மற்றவர்களுக்குச் சமமாக உங்கள் முறையை ஏற்கிறீர்களா என்பதையே அந்த வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கிறார்கள். நான் வந்த புதிதில் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பள்ளிக்கே போகாமல் டொச், அதாவது ஜெர்மன் மொழியைக் காதால் கேட்டே கற்றுக்கொண்ட ஓர் அம்மா. அவர் அன்று சொல்லித் தந்திராவிட்டால் நான் பலரோடு மனக்கசப்பு கொண்டிருப்பேன்.

மற்ற இரண்டு நிகழ்ச்சிகள்தான் என் மனத்தில் நெடுநாள் ஊறிக் கிடக்கும் விஷயத்தைச் சேர்ந்தவை. நம் ஊரில் ஒருவர் மனத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளும் பொறுப்பு எதிரில் இருப்பவருடையது. இங்கே அதைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. திருக்குறள் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறது. அரசவையானாலும் காதலானாலும் சொல்லாமலே அறிவதை நாம் அவ்வளவு பெரிய பண்பாகக் கருதி வந்திருக்கிறோம். வீட்டுக்கு வந்தவர் ‘வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பி இலையை எடுத்துவிடுகிற வீட்டை நம் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். மூன்று முறை வற்புறுத்திப் பரிமாறுவது அன்பு; இரண்டு முறை மறுப்பது நாகரிகம். இந்த இரண்டும் சேர்ந்தே ஒரு வழக்கு. ஒரு பாதி மட்டும் இருந்தால் அது நடக்காது. உங்கள் நண்பர் வீட்டில் உங்கள் பாதி மட்டும் இருந்தது.

அந்த வீட்டாரின் பக்கம் நின்று பாருங்கள். வேண்டாம் என்று சொன்ன ஒரு வளர்ந்த மனிதரை மீண்டும் வற்புறுத்துவது, அவர் சொல்லை நம்பவில்லை என்று காட்டுவதாகும். அவருடைய முடிவில் தலையிடுவதாகும். ஆகவே அவர்கள் உங்கள் சொல்லை மதித்துத்தான் பாத்திரத்தை எடுத்தார்கள். இதில் மொழி வைக்கும் பொறி ஒன்றும் உண்டு. ‘இன்னும் வேண்டுமா?’ என்று கேட்கும்போது ‘டாங்கெ’ என்று மட்டும் சொன்னால், அதற்கு நன்றி என்று பொருளாக இருந்தாலும், ‘போதும்’ என்றே எடுத்துக்கொள்வார்கள். வேண்டும் என்றால் ‘யா, கெர்ன’ என்றோ ‘யா, பிட்டெ’ என்றோ சொல்ல வேண்டும். நன்றி சொல்லிவிட்டுத் தட்டை நீட்டியபடி காத்திருந்த நாட்கள் எனக்கும் உண்டு. பசித்தால் கேளுங்கள், தம்பி. சமைத்தவருக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அலுவலகத்தில் நடந்ததும் இதே கதைதான். நம்மில் பலர் மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. ‘பார்க்கலாம் சார்’ என்போம், தலையை இருபுறமும் மெல்ல அசைப்போம்; அந்தக் குரலிலிருந்தே முடியாது என்பதை அவர் புரிந்துகொள்வார். இங்கே நீங்கள் ‘சரி’ என்றால் அது ஒரு வாக்கு. அந்த வாக்கை நம்பி அவர் வேறு நான்கு பேரின் வேலையை அடுக்கியிருப்பார். வேலை முடியாதது அங்கே பெரிய குற்றம் அல்ல. புதன்கிழமையே முடியாது என்று தெரிந்தும் நீங்கள் சொல்லாமல் இருந்ததே குற்றம். தலையசைப்பையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். நம்முடைய ‘ஆமாம்’ அவர்கள் கண்ணுக்கு ‘இல்லை’ போலத் தெரிகிறது.

எல்லோர் முன்னிலையிலும் சொன்னார் என்பது எனக்கும் வலித்திருக்கும். ஆனால் அவர் குறை சொன்னது வேலையைப் பற்றி. உங்களைப் பற்றி அல்ல. வேலையையும் மனிதரையும் இரண்டாகப் பிரித்துப் பேசுவது இவர்களுக்கு இயல்பாக வருகிறது. அந்தக் கூட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் அவரே உங்களோடு உணவகத்துக்கு வந்து வானிலையைப் பற்றிப் பேசியிருப்பார். இந்தப் பகுதியில் ஒரு சொலவடை உண்டு: திட்டவில்லை என்றால் அதுவே போதுமான பாராட்டு. இந்தச் சொலவடையின் மீது எனக்கு உடன்பாடில்லை. நல்லதைச் சொல்ல வாய் திறக்காத பழக்கம் பிள்ளைகளையும் புதியவர்களையும் வாட்டுகிறது என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனாலும் அதை அறிந்திருந்தால், உங்கள் வேலையைப் பற்றி மூன்று மாதம் யாரும் எதுவும் சொல்லாதபோது நீங்கள் இரவில் தூங்காமல் கிடக்க மாட்டீர்கள்.

சிறியவை சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது அங்கே இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லுங்கள். தெருவில் முகம் பார்க்காமல் போகிறவர்கள் அங்கே பதில் வணக்கம் சொல்வார்கள். யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லாதீர்கள், அது தீய சகுனம். உங்கள் பிறந்தநாளுக்கு நீங்கள்தான் அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோக வேண்டும். ‘ஸீ’ என்பது நம் ‘நீங்கள்’, ‘டூ’ என்பது நம் ‘நீ’. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அழைப்பை வயதிலோ பதவியிலோ மூத்தவர் விடுக்கும் வரை காத்திருங்கள். குழந்தைகள் நிற்கும்போது நடப்பவர்களுக்கான சிவப்பு விளக்கை மீறிச் சாலையைக் கடக்காதீர்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் பாட்டிலைப் பொது இடத்தில் விட்டுவிட்டுப் போவதென்றால் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் அருகில் வையுங்கள். அவற்றைச் சேகரித்துச் செலவுக்குத் தேடிக்கொள்ளும் முதியவர்கள் கையைக் குப்பைக்குள் விட வேண்டியிருக்காது.

சொல்லாமல் அறிவதும் கேட்டால் செய்வதும் எப்படிப் பிரிகின்றன என்பதை நான் கற்றுக்கொண்டது என் மகள் பிறந்தபோது. அது 2009ஆம் ஆண்டு. அம்மாவால் உடனே வர இயலவில்லை. கணவருக்கு விடுப்பு முடிந்துவிட்டது. எதிர்வீட்டில் ஒரு மூதாட்டியும் அவர் கணவரும் இருந்தார்கள். குழந்தையோடு வீடு வந்த மறுநாள் எங்கள் கதவின் கைப்பிடியில் கையால் பின்னிய ஒரு ஜோடி காலுறையும் வாழ்த்து அட்டையும் தொங்கின. கதவு வரை வந்தவர்கள் மணியடிக்கவில்லை. நம் ஊராக இருந்தால் தெருவே வீட்டுக்குள் வந்து, ஒருவர் குழந்தையை வாங்கிக்கொள்ள, ஒருவர் அடுப்பைப் பற்றவைத்திருப்பார்கள் என்று நினைத்து, அந்தக் காலுறையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். ஆறு வாரம் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது அவர் சொன்னார்: ‘மணியடித்தால் குழந்தை விழித்துவிடும், நீங்களும் களைத்திருப்பீர்கள். தேவை இருந்தால் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.’ அன்று முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டேன்: பல் மருத்துவரிடம் போக வேண்டும், ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா? அவர் கைப்பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். அடுத்த வியாழக்கிழமையும் வரட்டுமா என்று அவரே கேட்டார். மகள் மழலையர் பள்ளியில் சேரும் வரை எல்லா வியாழக்கிழமையும் பத்து மணிக்கு வந்தார்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் கணவர் இறந்தார். இங்கே துக்க வீட்டுக்கு யாரும் அழைக்காமல் போவதில்லை, கறுப்புக் கரையிட்ட அட்டை அனுப்பிவிட்டு இறுதிச் சடங்கு நாளில் வருவார்கள் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். என் கணவரும் பொறுக்கச் சொன்னார். ஆனாலும் ஒரு பாத்திரத்தில் ரசம் எடுத்துக்கொண்டு போய் மணியடித்தேன். அவர் கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அமர்ந்தார். நானும் பேசாமல் அருகில் அமர்ந்தேன். நெடுநேரம் கழித்து மேசையில் அடுக்கியிருந்த அட்டைகளைக் காட்டி, இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். அதன்பின் ரசத்தைக் குடித்தார்.

ஆகவே நம் வழக்கத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வாழுங்கள் என்று நான் எழுதுவதாக எண்ண வேண்டாம். எதைக் கேட்டுச் செய்ய வேண்டும், எதைக் கேளாமலே செய்யலாம் என்பது பழகப் பழகத்தான் தெரியும். அதற்கு எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இப்போதைக்கு உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை இரண்டு. திங்கட்கிழமை மேலாளரிடம், புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், இனிமேல் சொல்வேன் என்று நேராகச் சொல்லுங்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை, அவரும் அதற்கு மேல் எதிர்பார்க்க மாட்டார். கீழ்வீட்டு அம்மையாரிடம் சனிக்கிழமை முற்பகல் போய் உங்கள் பெயரைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை விதி தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவர் நேரில் வந்து சொன்னது நல்லதற்குத்தான். நேரே வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருநாள் காபிக்கு வாருங்கள் என்று அவர் சொன்னால் ‘வருகிறேன்’ என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடாமல், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் துளை போட வேண்டியிருந்தால் நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கீழ்த்தளத்து வாசலில் ஒட்டிவிட்டு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.