கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு வேண்டாம்

வைக்கோல் குத்திய அப்பாவின் கண்ணுக்கு ஒரு வாரமாக நட்டாமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்புச் சொட்டு மருந்தை விட்டும் சிவப்பு குறையவில்லை, வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். சிவப்பும் வலியும் அடங்கியதுபோல் தெரியும். உள்ளே பூஞ்சை தங்குதடையின்றிப் பரவும்.

இந்தப் புண் ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்று: நட்டாமைசின் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். மேலே தெளிந்த நீரை மட்டும் விட்டுவிட்டு மருந்து கேட்கவில்லை என்றால் எப்படி?

புண்ணைச் சுரண்டிப் பரிசோதித்தார்களா? இல்லையென்றால் நாளையே கண் மருத்துவரிடம் கேளுங்கள். கருவிழிக்குப் பின்னால் அடிப்பக்கம் வெள்ளையாகச் சீழ் கட்டினாலோ, வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.