கண் தெரியாதவருக்குத் தனி ஆப் வேண்டுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

நான் முற்றாகப் பார்வையற்றவள். வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில் ஒரு ஒபிசில். நொக்கியா காலத்திலிருந்து பேசும் ஃபோன் பாவிக்கிறேன் என்பதால், இது சம்பந்தமாக என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், உடுப்பு மட்டும் வேறு: பார்வையற்றவர்களுக்கென்று செய்த ஆப் தேவையா, ஊரெல்லாம் பாவிப்பதே போதுமா? ஒவ்வொருவராக வருகிறேன்.

தெகிவளையிலிருந்து ஒரு மகள்: அக்கா, அப்பாவுக்கு 62 வயது. சீனி வருத்தத்தால் இரண்டு கண்ணும் போய்விட்டது. ஃபோன் கடையில் பெரிய பொத்தான் வைத்த ஃபோன் ஒன்றைக் காட்டுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர், பார்வையற்றோருக்கென்றே முகப்பை மாற்றித் தரும் ஆப் ஒன்றைப் போடச் சொல்கிறார். எதை வாங்க?

தங்கச்சி, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். அப்பாவிடம் ஏற்கெனவே இருப்பது அன்ட்ரொய்ட் ஃபோன் என்றால் செட்டிங்சில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் டோக்பேக் இருக்கும், ஐபோன் என்றால் அதே பகுதியில் வொய்ஸ்ஓவர். இரண்டும் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிப்பவை, ஃபோனோடு வருபவை, காசில்லை. ஆனால் போட்டவுடன் ஃபோன் பழகும் விதமே மாறிவிடும் என்பதை முதலே சொல்லிவிடுங்கள். ஒருமுறை தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் போட்டுவிட்டு, ஃபோன் கெட்டுப் போச்சு என்று மூலையில் வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

முதல் கிழமை ஒரே ஒரு வேலை பழக்குங்கள்: கோல் எடுப்பது. மணி அடிக்கும்போது திரையில் எங்காவது இரண்டு விரலால் இரண்டு தரம் தட்டினால் போதும், பச்சைப் பொத்தானைத் தேட வேண்டியதில்லை, கதைத்து முடித்து வைப்பதற்கும் அதே தட்டல்தான். அது கை வந்த பிறகு வட்ஸ்அப்பில் குரல் மெசேஜ் கேட்பது, அதற்கப்புறம் அனுப்புவது. பேசும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். நான் கேட்கும் வேகத்தில் உங்கள் அப்பாவுக்குக் கேட்கத் தந்தால் மிக்சி ஓடுகிற சத்தம்தான் கேட்கும்.

அந்த முகப்பு மாற்றும் ஆப்பை நான் முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விரல் நடுங்குகிறது, தட்டலே பிடிபடவில்லை என்றால் அது உதவும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அப்பாவுக்கு ஏதாவது சிக்கினால் அவர் கேட்கப் போவது உங்களை, பக்கத்து வீட்டுப் பெடியனை. நீங்கள் எல்லோரும் பாவிப்பது ஒரு மாதிரி, அவருடையது மட்டும் இன்னொரு மாதிரி என்றால் உதவி செய்ய ஆளிருக்காது. செய்தவர் நிறுத்திவிட்டால் பழகியது எல்லாம் வீண்.

அந்த ‘நிறுத்திவிட்டால்’ சும்மா வாய்க்கு வந்ததில்லை. நொக்கியா காலத்தில் டோக்ஸ், மொபைல் ஸ்பீக் என்று இரண்டு மென்பொருள் இருந்தன. ஃபோனுக்கு ஒரு காசு, அதைப் பேச வைக்க இன்னொரு காசு. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்சோடு வொய்ஸ்ஓவர் சும்மா வந்தது, அதே ஆண்டு அன்ட்ரொய்டில் டோக்பேக்கும் வந்தது, அதோடு அந்த வியாபாரம் கதை முடிந்தது. அச்சடித்ததைப் படமெடுத்து வாசிக்கும் கேஎன்எஃப்பி ரீடர் 2014இல் ஐபோனுக்கு வந்தபோது விலை 100 டொலர் அளவில். மூன்று வருடத்தில் மைக்ரோசொஃப்ட் சீயிங் ஏஐ என்ற ஆப்பில் அதே வேலையைக் காசில்லாமல் தந்தது. அதே மைக்ரோசொஃப்ட் 2018இல் சவுண்ட்ஸ்கேப் என்று ஒன்றை விட்டது. நடக்கும்போது கடை இடப்பக்கம் என்றால் இடக்காதில் சொல்லும், அருமையான யோசனை. 2023இல் அதை நிறுத்திவிட்டார்கள். நிரலைத் திறந்து கொடுத்ததால் வேறு சிலர் எடுத்து நடத்துகிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஏ/எல் மாணவர்: மிஸ், சேர் அனுப்பும் தமிழ் நோட்ஸ் பிடிஎஃப்பை, கொம்பியூட்டர் திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் வாசிப்பதே இல்லை, இங்கிலிஷ் எழுத்தாக உளறுகிறது. பார்வையற்றோருக்கான வாசிப்பு ஆப் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாமா?

காசைக் கொட்டாதீர்கள் தம்பி, அதுவும் உளறும். பிழை உங்கள் மென்பொருளில் இல்லை, ஃபைலில். உங்கள் சேர் பாமினியில் டைப் பண்ணுகிறார். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கண் முகமூடியைப் பார்க்கும், என்விடிஏ உள்ளே இருப்பதை வாசிக்கும். அது நேர்மையாகத்தான் வாசிக்கிறது.

செய்ய வேண்டியது: எழுத்தைப் பிரதி எடுத்து, பாமினியை யூனிகோடாக, அதாவது உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் முறைக்கு, மாற்றும் இணையப் பக்கம் ஒன்றில் ஒட்டுங்கள். நிறைய இருக்கின்றன, காசில்லை. மாற்றியதை வேர்டில் போட்டால் வாசிக்கும். பிரதி எடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் பண்ணிய படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திற என்று கொடுத்தால் தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே பிரித்துத் தரும். பழைய மங்கிய ஃபோட்டோகொப்பி என்றால் ‘ன’வும் ‘ள’வும் மாறும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் செய்யுங்கள். சேரிடம் நேரே போய், யூனிகோடில் டைப் பண்ணித் தர முடியுமா என்று கேளுங்கள். மரியாதையாகத்தான், ஆனால் கேளுங்கள். அவர் ஒரு தரம் மாற்றினால் உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கும் சேர்த்துத் தீரும்.

வத்தளையிலிருந்து: கொம்பியூட்டருக்கு ஜோஸ் நல்லதா என்விடிஏ நல்லதா?

என்விடிஏ. 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கியது, இலவசம், தமிழும் வாசிக்கும். ஜோஸும் திரையை வாசிக்கும் மென்பொருள்தான், பழையது, வலுவானது, விலையானது. ஒபிஸ் வாங்கித் தந்தால் சந்தோசமாகப் பாவியுங்கள், சொந்தக் காசில் வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: காசுத் தாளை அடையாளம் காண எந்த ஆப் நல்லது?

விரல். 2011இல் வந்த நம்முடைய தாள்கள் எல்லாவற்றுக்கும் அகலம் 67 மில்லிமீற்றர், மதிப்புக் கூடக் கூட நீளம் கூடும். 20 ரூபாய் 128, 100 ரூபாய் 138, 1000 ரூபாய் 148. தாளின் நீளத்தை உங்கள் விரல் கணுவோடு ஒப்பிட்டுப் பழகுங்கள், பத்து நாளில் வரும். பஸ்சுக்குள் நின்றுகொண்டு ஃபோனைத் தூக்கிப் பிடித்து, அது 500 ரூபாய் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வதை விட இது நல்லது. (500க்கும் 1000க்கும் 5 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், அதில் நானும் ஏமாந்திருக்கிறேன். அதனால் 1000த்தை வீட்டிலேயே குறுக்கே மடித்து வைப்பேன்.)

வெள்ளவத்தையிலிருந்து, நம்ம ஆள்: காலி வீதியில் பஸ் இலக்கம் வாசிக்க ஏதாவது ஆப் உண்டா அக்கா?

எழுத்தைக் கண்டவுடன் வாசிக்கும் வசதி சீயிங் ஏஐயிலும் உண்டு, கூகுளின் லுக்அவுட்டிலும் உண்டு. நான் பஸ் ஹோல்டில் நின்று முயன்று பார்த்த கதையைச் சொல்கிறேன். வலக்கையில் ஃபோன், இடக்கையில் வெள்ளைப் பிரம்பு, தோளில் பை. பஸ் வருகிற சத்தம் கேட்கிறது, ஃபோனைத் தூக்குகிறேன். அது முதலில் வாசித்தது எதிர்க் கடையின் பெயர்ப்பலகை. பிறகு யாரோ ஒருவரின் டீசேர்ட். இலக்கத்தை வாசித்தபோது பஸ் வெளிக்கிட்டு அடுத்த சந்தியை நெருங்கியிருக்கும். அதற்குள் பக்கத்தில் நின்ற அம்மா, ‘மகள், 101 தானே, ஏறுங்கோ’ என்று கையைப் பிடித்துவிட்டார். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு நான் ஃபோனைத் தூக்கியதில்லை. கண்டக்டர் கத்துவதைக் கேட்டாலே பாதி தெரியும்.

அவசரமென்றால் பிக்மி அல்லது ஊபரில் ஓட்டோ. எல்லோரும் பாவிக்கும் ஆப்தான். ஓடர் போட்டவுடன் டிரைவருக்குக் கோல் எடுத்து, எனக்குக் கண் தெரியாது, வந்ததும் ஹோன் அடியுங்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்வேன். பார்வையற்றோருக்கென்று எந்தத் தனி ஆப்பும் தராத சுதந்திரத்தை எனக்குத் தந்தது இந்த ஓட்டோ ஆப்தான்.

கல்கிசையிலிருந்து: பீ மை ஐஸ் பாவிக்கிறீர்களா? ஏஐ வந்த பிறகு மனிதர் தேவையா?

2015இல் வந்த டென்மார்க் ஆப் அது, கண் தெரிந்த தொண்டர் ஒருவர் வீடியோவில் வந்து பார்த்துச் சொல்வார். 2023இலிருந்து ஏஐயும் படத்தைப் பார்த்து விவரிக்கிறது. இரண்டும் என்னிடம் உண்டு. தனி ஆப் என்றால் இந்த மாதிரிதான் இருக்க வேண்டும், கண் செய்கிற வேலை ஒன்றை மட்டும் எடுத்துச் செய்ய வேண்டும்.

ஆனால் ஏஐயை நம்பி மருந்து குடிக்காதீர்கள். போன வருடம் ஒரு பாணிமருந்துப் போத்தலைக் காட்டினேன். பெயர், அளவு எல்லாம் பிசகில்லாமல் சொன்னது, காலாவதித் திகதியையும் அதே தெளிவான குரலில் சொன்னது. பிறகு தம்பியிடம் காட்டினால் அந்தப் பக்கத்தில் திகதியே இல்லை, அடியில் பொறித்திருக்கிறது, அதுவும் போன மாதமே முடிந்தது. தெரியாது என்று சொல்ல அதற்கு வராது. சட்டை நிறம், வந்த கடிதம் யாரிடமிருந்து, இதற்கெல்லாம் ஏஐ. மருந்துக்கும் வங்கிக் கடிதத்துக்கும் ஆள். என் ஆள் கனடாவில் இருக்கிற தம்பி, ஆப் வட்ஸ்அப். இங்கே விடிய ஆறு மணி என்றால் அவனுக்கு முதல் நாள் இரவு, சாப்பிட்டுவிட்டு இருப்பான். பாதி உலகத்தைத் தாண்டி நின்று என் போத்தலின் அடியைப் பார்த்துச் சொல்வான், கூடவே ஏன் இன்னும் சளி விடவில்லை என்று பேச்சும் விழும்.

கொழும்பில் ஆப் செய்யும் ஒருவர்: பலசரக்குக் கடை ஒன்றுக்கு ஆப் செய்கிறோம். பார்வையற்றோருக்கு எளிமையான தனிப் பதிப்பு ஒன்றும் செய்ய முதலாளி சம்மதித்திருக்கிறார். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

தம்பி, முதலாளிக்கு என் நன்றி, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். இரண்டாவது பதிப்பு எப்போதும் இரண்டாந்தரம்தான். தீபாவளி விலைக்கழிவு முதல் ஆப்பில் வரும், எங்களுடையதில் தை பிறந்த பிறகு வரும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. படமாக வைத்த ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள், அன்ட்ரொய்டில் அதற்கென்றே கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன் என்ற ஒரு வரி இருக்கிறது. எழுதாவிட்டால் எங்களுக்குக் கேட்பது ‘பெயரிடப்படாத பொத்தான், பெயரிடப்படாத பொத்தான்’. கூடைக்குள் போடுவதா வெளியே எறிவதா என்று எப்படித் தெரியும்? எழுதிய பிறகு டோக்பேக்கைப் போட்டு, திரையை ஒரு துணியால் மூடிக்கொண்டு, ஒரு கிலோ சீனியும் ஒரு பக்கற் பால்மாவும் வாங்கிக் காசு கட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்களோ அங்கே திருத்துங்கள்.

திருத்தாத ஆப் என்ன செய்யும் என்பதற்கு என் கதை. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் ஆப் மூன்று வருடம் நன்றாக வேலை செய்தது. ஒருநாள் அப்டேட் வந்தது. இரகசிய இலக்கம் அடிக்கும் இடத்தில் பத்து எண்களையும் படமாக்கி, பாதுகாப்புக்காம், ஒவ்வொரு தரமும் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். பத்தும் எனக்குப் பெயரிடப்படாத பொத்தான். கிளைக்குப் போனேன். நம்பிக்கையான யாரையாவது வைத்து இலக்கத்தை அடியுங்கள் என்றார்கள். உங்கள் இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று மாதம் ஒருதரம் மெசேஜ் அனுப்புவதும் அவர்கள்தான். நான்கு மாதம் மின்சாரக் கட்டணம் கட்ட வரிசையில் நின்றேன், பிறகு யாரிடமும் சொல்லாமல் இன்னொரு அப்டேட்டில் சரி பண்ணினார்கள்.

ஆகவே பொது ஆப் போதுமா என்று கேட்டால், போதும், இப்படி ஒரே இரவில் கதவைச் சாத்தாத வரைக்கும். எனக்குத் தனிக் கதவு வேண்டாம், இருக்கிற கதவில் கைபிடி இருந்தால் சரி.

மட்டக்குளியிலிருந்து: தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலும் மெசேஜ் வருகிறது. ஒரே குரல் எல்லாவற்றையும் வாசிக்குமா?

அழகாக வாசிக்காது. கூகுள் குரலில் தமிழும் சிங்களமும் இரண்டும் உண்டு, இரண்டையும் இறக்கி வையுங்கள். டோக்பேக்கின் வாசிப்புக் கட்டுப்பாடுகளில் பேசும் மொழி என்று ஒன்று வரும், அதில் மாற்றிக்கொள்ளலாம். ‘நாளைக்கு வாறன்’ என்பதை இங்கிலிஷ் எழுத்தில் அடித்து அனுப்பும் சொந்தக்காரருக்கு மட்டும் மருந்து கிடையாது, அவர்களைக் குரல் மெசேஜ் போடச் சொல்லிவிட்டேன்.

கடைசியாக, மருதானையிலிருந்து ஒரு அக்கா: உங்கள் ஃபோனில் தனி ஆப் மொத்தம் எத்தனை? சமையலுக்கு டைமர் ஆப் ஏதும் உண்டா?

தனி ஆப் மூன்று: சீயிங் ஏஐ, லுக்அவுட், பீ மை ஐஸ். மிச்சமெல்லாம் நீங்கள் வைத்திருப்பதுதான், அதில் நான் திறக்காத இரண்டு விளையாட்டும் உண்டு, மருமகன் போட்டது. டைமருக்கு ஃபோனோடு வந்த மணிக்கூடு போதும், சோற்றுக்கு வைப்பேன். புட்டுக்கு வைப்பதில்லை, அவிந்தால் வாசமே மாறிவிடும்.