சிடி பிரஸ்ஸுக்குப் போகும் முன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு, சித்திரைக்குள் சிடி போட்டுவிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சில பஜனைக் குழுக்கள் மும்முரமாக இறங்கியிருப்பதால் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிடி அச்சடிக்கும் ஆலையில் யாரும் உங்கள் பாட்டைக் கேட்டுப் பார்த்து "இங்கே பிசிறடிக்கிறதே" என்று போன் செய்யப் போவதில்லை. கொடுத்ததை அப்படியே ஆயிரம் பிரதி எடுப்பார்கள், பிசிறோடு சேர்த்து.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, வீட்டு கம்ப்யூட்டரிலேயே சிடி எரிக்க முடிகிறதே, அப்புறம் பிரஸ்ஸிங்குக்கு எதற்கு இவ்வளவு காசு?

இரண்டும் வேறு வேறு பொருள். நீங்கள் எரிப்பது சிடி-ஆர், அதில் இருக்கும் சாயப் பூச்சில் லேசர் தடம் போடுகிறது. ஆலையில் முதலில் ஒளிக்கு எதிர்வினை செய்யும் பூச்சுள்ள கண்ணாடித் தட்டில் லேசரால் குழிகளை எழுதி, அதன்மேல் நிக்கல் படியவைத்து உரித்து, அதிலிருந்து ஸ்டாம்பர் என்ற அச்சைச் செய்கிறார்கள். பிறகு உருகிய பாலிகார்பனேட்டை அந்த அச்சில் அடித்து, மேலே அலுமினியமும் அரக்கும் பூசினால் சிடி. ஆரம்பச் செலவில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடி மாஸ்டருக்கும் அச்சுக்கும்தான் போகிறது, அதனால்தான் ஐம்பது பிரதிக்கு யாரும் பிரஸ்ஸிங் செய்து தர மாட்டார்கள், ஐந்நூறு ஆயிரம் என்று போகப் போக ஒரு பிரதியின் விலை மளமளவென்று இறங்குகிறது. கோயிலில் நூறு பேருக்குக் கொடுக்கத்தான் என்றால் நல்ல சிடி-ஆர் போதும், கடன் வாங்கி பிரஸ்ஸிங் செய்ய வேண்டாம். என்ன, அதை பிப்ரவரி வெயிலில் காரின் டாஷ்போர்டில் போட்டு வைக்கக் கூடாது.

பீனிக்ஸிலிருந்து: ஆலைக்காரர்கள் டிடிபி கேட்கிறார்கள். நான் எட்டு வேவ் ஃபைல் வைத்திருக்கிறேன். அதையே அனுப்பினால் ஆகாதா?

சில இடங்களில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அப்படிக் கொடுத்தால் பாட்டுகளுக்கு நடுவில் எத்தனை விநாடி இடைவெளி, எந்தப் பாட்டு முதலில், எங்கே அடுத்த ட்ராக் தொடங்குகிறது என்பதையெல்லாம் உங்களுக்குப் பதில் அங்கே யாரோ ஒருவர் முடிவு செய்வார். டிடிபி என்பது முழு சிடியின் ஒலியையும், ட்ராக் எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்ற குறிப்பையும், மற்ற விவரங்களையும் சேர்த்து வைத்த ஒரு ஃபோல்டர். உள்ளே நாலைந்து ஃபைல் இருக்கும், பெயரெல்லாம் புரியாத மாதிரிதான் இருக்கும். அழகுபடுத்துகிறேன் என்று பெயரை மாற்றினாலோ, ஒன்றை வேண்டாம் என்று அழித்தாலோ மொத்தமும் செல்லாது. ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து அனுப்புங்கள். கூடவே எம்டி5 சரிபார்ப்பு எண் இருந்தால், வழியில் ஒரு பிட் மாறினாலும் அங்கே தெரிந்துவிடும். எரித்த சிடியை மாஸ்டராகக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் கீறலும் கைரேகையும் பட்ட ஒரு தட்டை நம்பி ஆயிரம் பிரதி எடுக்கச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சிடிக்குள் போவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. இது 1980-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து எழுதிய ரெட் புக் விதி, இன்றுவரை மாறவில்லை. நீங்கள் 24 பிட்டில் பதிந்திருந்தால் கடைசிப் படிவரை அப்படியே வைத்திருந்து, இறுதியில் ஒரே ஒரு முறை டிதர் (பிட் குறைப்பதால் வரும் பிசிறை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) போட்டு 16-க்கு இறக்குங்கள். வீடியோ கேமராவில் எடுத்ததென்றால் அது பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கும். அதை முறையாக மாற்றாமல் 44.1 என்று பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும், நாலு கட்டையில் பாடியது இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கோ போய் விழும். எம்பி3-ஐ வேவ் ஆக்கி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போனது போனதுதான், திரும்பி வராது.

டொங்காட்டிலிருந்து: நாதஸ்வரக் கச்சேரி பதிவு. சினிமாப் பாட்டு சிடி போட்டுவிட்டு எங்களுடையதைப் போட்டால் சத்தம் குறைவாக இருக்கிறது. ஏற்றிக் கொடுக்க முடியுமா?

முடியும், ஆனால் எவ்வளவு என்பதுதான் விஷயம். தவிலில் வலப்பக்கம் விரல்கூடு போட்டு அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி ஒரு உச்சம். அந்த உச்சங்களை லிமிட்டர் வைத்து நசுக்கினால்தான் மொத்தச் சத்தமும் மேலே ஏறும், நசுக்க நசுக்க தவில் தகர டப்பா ஆகிவிடும். நாதஸ்வரமோ ஏற்கெனவே காதைத் துளைக்கிற வாத்தியம், அதன்மேல் விகாரமும் சேர்ந்தால் கேட்கிறவர் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிடுவார். அதனால் சினிமாப் பாட்டோடு போட்டி வேண்டாம். கேட்கிறவர் கையில் வால்யூம் குமிழ் இருக்கிறது.

மாஸ்டரிங்குக்கு, அதாவது ஆலைக்குப் போகும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலைக்கு, கொடுக்கும் மிக்ஸில் உச்சம் பூஜ்யத்துக்கு (டிஜிட்டல் ஒலியின் மேல் வரம்பு அதுதான்) கீழே 3 முதல் 6 டெசிபல் வரை இடம் விட்டு இருக்கட்டும், மொத்தத்தின்மேல் லிமிட்டர் எதுவும் போடாமல் கொடுங்கள். முடிந்த மாஸ்டரில் உச்சம் பூஜ்யத்தைத் தொடாமல் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். ஏனென்றால் ஒலியை எண்ணாக அளந்த இரண்டு மாதிரிப் புள்ளிகளுக்கு நடுவில் அலை பூஜ்யத்தைத் தாண்டிப் போகலாம், அது மலிவான பிளேயரில் கரகரப்பாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதியும்போதே மைக்கில் சத்தம் அளவு மீறி வெடித்திருந்தால் அதை எந்த மாஸ்டரிங்கும் சரி செய்யாது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா: கோயில் மண்டபத்தில் பதிந்தோம், நடுவில் லோட் ஷெட்டிங், ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள். இரைச்சலை எடுத்தேன், எடுத்ததும் பாட்டே உயிரில்லாமல் போய்விட்டது. ஏன்?

சுருதிப்பெட்டியையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள் அக்கா. அந்த மென்பொருளுக்கு ஜெனரேட்டர் எது, சுருதி எது என்று தெரியாது, விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பது எதுவானாலும் இரைச்சல் என்றுதான் நினைக்கும். ச-ப-ச என்று தொடர்ந்து ஒலிக்கும் சுருதி அதற்கு வசமாக மாட்டிக்கொள்கிறது. இரைச்சலின் மாதிரி காட்டச் சொல்லும்போது சுருதியும் ஒலிக்கிற இடத்தைக் காட்டியிருப்பீர்கள், மேலே பாடுகிறவரின் கார்வையையும் அது அரித்துத் தின்றிருக்கும்.

பழைய பதிவை எடுத்துக்கொண்டு, சுருதி நின்று ஜெனரேட்டர் மட்டும் கேட்கிற இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், பாட்டு முடிந்து ஆட்கள் எழுந்திருக்கும் முன் ரெண்டு விநாடி கிடைத்தாலும் போதும். அதை மாதிரியாக வைத்து, முழுதாக எடுக்காமல் பாதி மட்டும் குறையுங்கள். கொஞ்சம் இரைச்சல் பாக்கி இருந்தால் யாரும் சாக மாட்டார்கள். அடுத்த முறை, ஆரம்பிக்கும் முன்பே சுருதியை நிறுத்தி, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அரை நிமிடம் வெறும் மண்டபத்தைப் பதிந்து வையுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரை நம்பாமல் லேப்டாப் பேட்டரியில் ஓட்டுவது இன்னும் நல்லது, தரை இணைப்பால் வரும் 50 ஹெர்ட்ஸ் முனகலும் பெரும்பாலும் போய்விடும்.

ஐசிபிங்கோவிலிருந்து: ஆலாபனையும் கீர்த்தனையும் தொடர்ச்சியாக வருகின்றன. தனித்தனி ட்ராக் வேண்டும், ஆனால் நடுவில் அமைதி வரக் கூடாது.

தாராளமாகச் செய்யலாம். இரண்டு விநாடி இடைவெளி முதல் ட்ராக்குக்கு முன்னால் மட்டும்தான் கட்டாயம், நடுவில் எங்கும் பூஜ்யமாக வைக்கலாம். முழுவதையும் ஒரே நீளமான ஃபைலாக வைத்து, மாஸ்டரிங் மென்பொருளில் ட்ராக் குறியை மட்டும் போடுங்கள். தனித்தனி ஃபைலாக வெட்டிச் சேர்த்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. சிடியில் ஒரு விநாடி 75 துண்டுகளாகப் பிரிகிறது, ஒரு துண்டுக்கு 588 மாதிரிப் புள்ளிகள். உங்கள் வெட்டு அந்தக் கணக்கில் விழவில்லை என்றால் மிச்ச இடத்தை வெறுமையால் நிரப்பும், தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் "டிக்" என்று கேட்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி: கார் பிளேயரில் பாட்டுப் பெயர் தமிழில் தெரிய வைக்க முடியுமா?

முடியாது தம்பி. தட்டிலேயே பாட்டுப் பெயரை எழுதி வைக்கும் சிடி-டெக்ஸ்ட் முறையில் தமிழ் எழுத்துக்கு இடம் வைக்கவில்லை. ரோமன் எழுத்தில் போடுங்கள். கம்ப்யூட்டரில் சிடி போட்டதும் தெரியும் பெயர் பெரும்பாலும் இணையத் தரவுத்தளத்திலிருந்து வருவது, அங்கே நீங்களே போய்ப் பதிய வேண்டும். மியூசிக்பிரைன்ஸில் தமிழிலேயே பதியலாம்.

பீனிக்ஸிலிருந்து வேறொருவர்: அட்டையில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. இங்குள்ள டிசைனருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவரால் பார்க்க முடியவில்லை.

நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. "வேல்" என்று அடித்தால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "கோ" மூன்று துண்டாகும். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை மென்பொருளில் இயக்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம், அடோபியில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்று ஒன்று இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். சரியாக வந்ததும் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிவிட்டு பிடிஎஃப் எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரிலும் உடையாது. ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, அதற்கு முன்பே தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் பார்த்துவிட வேண்டும். சிடியோடு வரும் சிறு புத்தகத்தில் பாட்டு வரிகளை ரோமன் எழுத்திலும் போடுங்கள், பாடுகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பார்ப்பார்கள்.

அட்டை விஷயத்தில் இன்னும் கொஞ்சம். படங்கள் 300 டிபிஐ, ஓரம் 3 மில்லிமீட்டர் கூடுதல், வண்ணம் அச்சுக்கான நாலு வண்ண முறை. திரையில் ஜொலிக்கும் மயில் நீலமும் காவியும் தாளில் மங்கும், இதற்கு முன்பே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தட்டின் மேல் முருகன் படம் போடுகிறவர்கள் கீழே வெள்ளைப் பூச்சு உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அலுமினியம் தெரிந்து சாமி முகம் வெள்ளிக் கவசம் போட்ட மாதிரி வரும். பார்கோடைக் குங்குமச் சிவப்பில் போடாதீர்கள். கடை ஸ்கேனர் சிவப்பு ஒளியில் படிப்பது, சிவப்புக் கோடு அதற்கு வெள்ளையாகத்தான் தெரியும்.

டொங்காட்டிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, நாங்கள் சினிமா மெட்டில் அம்மன் பாட்டு எழுதிப் பாடுகிறோம். வரிகள் எங்களுடையவை. இதற்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டும் ஐயா. வரி உங்களுடையது, மெட்டு உங்களுடையதல்ல. கோயிலில் பாடிக்கொண்டிருந்த வரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், சிடியாக அடிக்கும்போது கேட்பார்கள், ஆலையே உரிமைச் சான்று கேட்பது வழக்கம். நகல் எடுக்கும் உரிமைக்கு இங்கே கப்பாசோ என்ற உரிமை அமைப்பிடம் போக வேண்டும். ஆனால் மெட்டை வைத்துக்கொண்டு வரியை மாற்றுவதற்கு மெட்டின் உரிமையாளரே சம்மதிக்க வேண்டும், அது தனி. திருப்புகழ், தேவாரம், தியாகராஜர் கீர்த்தனை என்றால் பாட்டுக்குத் தடையில்லை, இசையமைப்பு வேறொருவர் புதிதாகச் செய்ததாக இருந்தால் மட்டும் கவனம். பாபநாசம் சிவன் பாட்டுகளைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் 1973-ல் காலமானார். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பொதுவிதி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 50 வருடம், இந்தியாவில் 60. ஆக இங்கே விற்பதும் சென்னைக்கு அனுப்பி விற்பதும் ஒரே கணக்கல்ல.

ஐஎஸ்ஆர்சி எண் கட்டாயமா? (நாலைந்து பேர்)

அது ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாள எண். பிரஸ்ஸிங்குக்குக் கட்டாயமில்லை, வானொலியில் போனால் கணக்கு வர உதவும். இங்கே ரிசா என்ற ஒலிப்பதிவுத் துறை அமைப்பிடம் வாங்க வேண்டும், பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. ஒரு பதிவுக்கு ஒன்று. டிடிபி செய்யும் முன்பே வாங்கிவிடுங்கள், அதற்குள்ளேயே எழுதப்படும்.

எங்கள் பதிவு 83 நிமிடம்.

ஒரு பாட்டை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டு தட்டாகப் போடுங்கள். 80 நிமிடத்தை நெருங்கினாலே பல ஆலைகள் முகம் சுளிக்கும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: தாத்தா பாடிய கேசட் இருக்கிறது, சிடியாக்க வேண்டும்.

முதலில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பதை நிறுத்துங்கள். நல்ல டெக் ஒன்றில் ஹெட்டின் கோணத்தை அந்த டேப்புக்கு ஏற்பத் திருப்ப வேண்டும், ஜால்ரா சத்தம் பளிச்சென்று தெளியும் இடம்தான் சரியான இடம். பிறகு 24 பிட்டில் ஒரே ஓட்டமாகப் பதியுங்கள். பேட்டரி டேப்ரெக்கார்டரில் பதிந்ததென்றால் வேகம் தவறியிருக்கும், தாத்தாவின் பழைய ஆர்மோனியம் வீட்டில் இருந்தால் அதை வைத்துச் சுருதியைச் சரிபார்க்கலாம்.

ஐசிபிங்கோவிலிருந்து: மாஸ்டர் வந்துவிட்டது, கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

முழுவதையும். ஹெட்போனில், போனைத் தூர வைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் டிடிபி பிளேயர் ஒன்றில், அவர்கள் அனுப்பும் எம்பி3-யில் அல்ல. ஒவ்வொரு ட்ராக்கின் ஆரம்பத்துக்கும் தாவிப் பாருங்கள், முதல் எழுத்து வெட்டுப்பட்டிருந்தால் அப்போதுதான் தெரியும். முடிவில் மிருதங்கத்தின் கார்வை முழுதாக அடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அட்டையில் இருக்கும் வரிசையும் தட்டில் இருக்கும் வரிசையும் ஒன்றா என்று பாருங்கள், கடைசி நேரத்தில் பாட்டு மாற்றிப் போட்டவர்கள் இரண்டு தடவை பாருங்கள். கையெழுத்து விழுந்த பிறகு வரும் தவறு உங்கள் கணக்கு, திரும்ப அச்சு எடுக்கும் செலவும் உங்கள் தலையில்தான். அதனால் குழுவில் எல்லோரும் கேட்கும்வரை, சித்திரை நெருங்கினாலும் சரி, போடாதீர்கள்.